உங்கள் போன் காட்டும் முதலிடம் வாடிக்கையாளருக்கும் தெரிகிறதா?

வாசகர் கேள்வி:

வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் போனில் கூகுளில் தேடினால் என் கடைதான் முதலில் வருகிறது. ஆனால் புதிதாக வருகிறவர்களைக் கேட்டால், "தேடிப் பார்த்தோம், உங்கள் கடை கண்ணில் படவே இல்லை. தெரிந்தவர் சொல்லித்தான் வந்தோம்" என்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்டினால் முதலிடத்துக்குக் கொண்டுவருவதாக ஒருவர் சொல்கிறார். கடை உண்மையில் எத்தனையாவது இடத்தில் தெரிகிறது என்று நானே பார்க்க முடியுமா? 3 வருடத்துக்கு முன் கடையை வேறு தெருவுக்கு மாற்றினேன். அப்போது போன் நம்பரும் மாறியது. அதனால் ஏதாவது சிக்கல் இருக்குமா?

பதில்:

நீங்களே பார்க்கலாம். ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மதியப் பொழுதும் போதும். பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். போகிற போக்கில் கடைசியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அந்த இடமாற்றம், அது சின்ன விஷயம் இல்லை. சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை விரிவாகச் சொல்கிறேன். முதலில் அளந்து பார்க்கும் முறை.

"எத்தனையாவது இடம்" என்ற கேள்விக்கு ஒரே ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. அக்கம்பக்கக் கடைகளை வரிசைப்படுத்த மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடிய வார்த்தைக்குக் கடை எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பிரபலம். இதில் தூரம் என்பது தேடுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அவர் 1 கிலோமீட்டர் தள்ளி நின்றால் வரிசையும் மாறும். 2021 டிசம்பர் வாக்கில் வந்த மாற்றத்துக்குப் பிறகு தூரத்தின் கை இன்னும் ஓங்கிவிட்டது என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் பரவலாகக் கண்டது. நீங்கள் எப்போதும் கடையிலோ வீட்டிலோ இருந்துதான் தேடுகிறீர்கள். கடைக்குள் நின்று தேடினால் தூரம் பூஜ்யம், முதலில் வராமல் என்ன செய்யும்?

அது போக, உங்கள் போனில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது. அந்தக் கடையை நீங்கள் பலமுறை தொட்டிருக்கிறீர்கள், அங்கேயே தினமும் இருக்கிறீர்கள். கடையின் உரிமையாளர் நீங்கள்தான் என்பதும் கூகுளுக்குத் தெரியும். உங்களுக்கு வரும் பக்கத்தில் திருத்துவதற்கான பொத்தான்கள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. வாடிக்கையாளர் பார்க்கும் பக்கம் வேறு.

பலர் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். அது கணக்கையும் பழைய தேடல் வரலாற்றையும் விலக்கும், அவ்வளவுதான். இணைய இணைப்பை வைத்து நீங்கள் இருக்கும் பகுதியை ஊகிப்பதை அது தடுக்காது. தேடல் பக்கத்தின் அடிமட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், ஒரு ஊர் அல்லது பகுதியின் பெயர் இருக்கும். அது ஐபி முகவரியிலிருந்து (உங்கள் இணைய இணைப்பின் எண்) எடுத்ததா, சாதனத்திலிருந்து எடுத்ததா, முந்தைய செயல்பாட்டிலிருந்து எடுத்ததா என்பதும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். இனி எந்தத் தேடலையும் குறித்துக்கொள்ளும் முன் அந்த வரியைப் படிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அங்கே தவறான இடம் இருந்தால் அந்த அளவு செல்லாது.

வார்த்தைகளைத் தேர்ந்தெடுப்பது

கடையின் பெயரைப் போட்டுத் தேடுவது சோதனை ஆகாது. பெயர் தெரிந்தவர் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார். உங்களைத் தெரியாதவர் எதைத் தட்டுகிறார் என்பதுதான் கேள்வி. இனி வரும் 20 பேரிடம் "போனில் என்ன போட்டுத் தேடினீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள், திருத்தாதீர்கள். "வாஷிங் மெஷின் ரிப்பேர்", "ஃபிரிட்ஜ் சர்வீஸ்", "பக்கத்தில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்" போன்றவை வரும். ஒரு கம்பெனி பெயரோடு சர்வீஸ் சென்டர் என்று சேர்த்துத் தேடுபவரும் இருப்பார். ஒரே வார்த்தையை ஒருவர் தமிழில் தட்டுவார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தட்டுவார், மூன்றாமவர் மைக்கை அழுத்திப் பேசுவார். மூன்றுக்கும் ஒரே வரிசை வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வடிகட்டல் தேவை. "வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை" என்று தேடினால் பெரும்பாலும் வீடியோக்களும் விளக்கக் கட்டுரைகளும்தான் வரும், அக்கம்பக்கக் கடைகளைக் காட்டும் வரைபடமே வராது. தேடுபவர் தானே சரிசெய்யப் பார்க்கிறார் என்று கூகுள் எடுத்துக்கொள்கிறது. வரைபடமும் மூன்று கடைகளும் வராத வார்த்தையில் உங்கள் கடை இல்லையே என்று வருந்திப் பயனில்லை, பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். கடைசியில் 5 வார்த்தைகள் மிஞ்சினால் போதும்.

9 புள்ளிகள்

கடையையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் சேர்த்து 9 புள்ளிகளிலிருந்து தேடிப் பார்க்கப் போகிறோம். கூகுள் மேப்ஸைக் கம்ப்யூட்டரில் திறந்து, உங்கள் கடையின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலின் முதல் வரியில் இரண்டு எண்கள் இருக்கும், அட்சரேகையும் தீர்க்கரேகையும். அதன் மேல் ஒரு கிளிக் செய்தால் காப்பி ஆகிவிடும். (முகவரிப் பட்டையில் தெரியும் எண்களை எடுக்காதீர்கள். அவை திரையின் நடுப்பகுதியைக் குறிப்பவை, கடையை அல்ல.)

அட்சரேகையில் 1 டிகிரி என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஆகவே முதல் எண்ணோடு 0.009 கூட்டினால் 1 கிலோமீட்டர் வடக்கே போகிறீர்கள், கழித்தால் 1 கிலோமீட்டர் தெற்கே. இரண்டாவது எண்ணில் அதையே செய்தால் கிழக்கும் மேற்கும். பூமத்திய ரேகையிலிருந்து விலகிப் போகப்போக இந்தக் கிழக்கு மேற்கு தூரம் சுருங்கும், 60 டிகிரியில் பாதியாகிவிடும். அந்த அளவு வடக்கே இருப்பவர்கள் இரண்டாவது எண்ணில் 0.018 கூட்டிக் கழிக்க வேண்டும். நடுவில் கடை, நான்கு திசை, நான்கு மூலை என்று மொத்தம் 9 புள்ளிகள் கிடைக்கும். வாடிக்கையாளர் நடந்தே வரும் கடையாக இருந்தால் புள்ளிகளுக்கு நடுவே அரைக் கிலோமீட்டர் போதும். வீட்டுக்குப் போய் வேலை செய்பவர் 2 கிலோமீட்டர் இடைவெளி வைக்கலாம்.

அந்தந்த இடத்துக்கு நேரில் போய்ப் போனில் தேடலாம், அதுதான் மிக நம்பகமானது. உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யவும் குரோம் பிரவுசரில் வழி இருக்கிறது. இன்காக்னிட்டோ ஜன்னலில் கூகுளைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கவாட்டில் டெவலப்பர் பகுதி திறக்கும். அங்கே கண்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தினால் ஒரு கட்டம் வரும். அதில் சென்சார்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டி, 'ஷோ சென்சார்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லொகேஷன் என்ற இடத்தில் 'அதர்' என்று வைத்து இரண்டு எண்களையும் இடுங்கள். பக்கத்தை ரீலோட் செய்து ஏதாவது ஒன்றைத் தேடி, அடிமட்டத்தில் இருக்கும் 'அப்டேட் லொகேஷன்' என்பதைத் தட்டி அனுமதி கொடுங்கள். பகுதியின் பெயர் மாறியிருக்க வேண்டும். மாறிய பிறகுதான் உங்கள் வார்த்தையைத் தேடிக் குறிக்க வேண்டும். அடுத்த புள்ளிக்கு எண்களை மாற்றியதும் மறுபடியும் ரீலோட், மறுபடியும் 'அப்டேட் லொகேஷன்'. இங்கே நடக்கும் வழக்கமான தவறு, டெவலப்பர் பகுதியை மூடிவிட்டுத் தேடுவது. மூடியவுடன் நீங்கள் உண்மையில் இருக்கும் இடம் திரும்பி வந்துவிடும், 9 புள்ளிகளிலும் ஒரே வரிசை வந்து நிற்கும்.

தேடும் நேரமும் முக்கியம். திறந்திருக்கும் கடைக்குக் கூடுதல் எடை கொடுப்பதை 2023 இறுதியில் கூகுள் ஒப்புக்கொண்டது. இரவு கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் வரிசையில் கீழே இருப்பீர்கள். அதைப் பார்த்துக் கலங்குபவர்கள் நிறைய. வேலை நேரத்தில் பாருங்கள். அதற்காக 24 மணி நேரமும் திறந்திருப்பதாகப் போட்டுவிடாதீர்கள். நள்ளிரவில் வந்து பூட்டைப் பார்த்தவர் எழுதும் ஒரு ரிவியூ, அதில் வந்த லாபத்தைத் தின்றுவிடும்.

குறிக்கும் தாளில் தேதி, நேரம், புள்ளி எண், வார்த்தை, வரைபடத்தோடு வரும் மூன்று கடைகளில் நீங்கள் எத்தனையாவது, அதன் கீழே 'மோர் ப்ளேசஸ்' தட்டினால் வரும் பட்டியலில் எத்தனையாவது, முதல் மூன்று யார் என்பவை இருந்தால் போதும். 'ஸ்பான்சர்ட்' என்று போட்டிருப்பவை விளம்பரங்கள், அவற்றை எண்ணாதீர்கள். முதல் 20க்குள் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 5 வார்த்தை, 9 புள்ளி, மொத்தம் 45 கட்டங்கள். வேறொரு நாளில் இன்னொரு முறை எடுங்கள். ஓரிடம் இரண்டிடம் ஏறி இறங்குவது தினமும் நடப்பது, அதில் அர்த்தம் தேட வேண்டாம்.

தாள் என்ன சொல்கிறது

நடுப் புள்ளியில் 1, பக்கத்தில் 3, மூலைகளில் 8, 10 என்று சீராக இறங்கினால் அது தூரத்தின் வேலை. கோளாறு எதுவும் இல்லை. ரிவியூவும் வலைத்தளமும் பலப்படும்போது வட்டம் மெல்ல அகலும்.

ஒரு வார்த்தையில் எல்லாப் புள்ளிகளிலும் நன்றாக இருந்து, இன்னொரு வார்த்தையில் கடைக்கு நேர் எதிரே நின்று தேடினாலும் இல்லை என்றால், அது பொருத்தம் சம்பந்தப்பட்டது. முதலில் பார்க்க வேண்டியது வகை. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் (கூகுளில் உங்கள் கடைக்கு இருக்கும் பதிவு) ஒரு முதன்மை வகையும் 9 கூடுதல் வகைகளும் வைக்கலாம். முதன்மை வகைக்குத்தான் எடை அதிகம். ரிப்பேர் கடைக்காரர் பலர் ப்ரொஃபைல் ஆரம்பித்த நாளில் அவசரத்தில் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடை என்ற வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். புதுசு வாங்கத் தேடுபவருக்கு அவர் கடை போகும், ரிப்பேருக்குத் தேடுபவருக்குப் போகாது. மேப்ஸில் ஒவ்வொரு கடையின் நட்சத்திரத்துக்கு அருகே அதன் முதன்மை வகை எழுதியிருக்கும். உங்கள் தாளில் முதல் மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப வருபவர்களின் வகையைப் பார்த்து, உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். வகைகள் கூகுள் வைத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் கிடைக்கும், நாமாக எழுத முடியாது. செய்யாத வேலைக்கான வகைகளைச் சேர்த்து 10ஐயும் நிரப்ப வேண்டாம்.

மூன்றாவது விதம் விசித்திரமாக இருக்கும். மேப்ஸில் சாதாரணமாகத் தேடினால் கடை இல்லை. அதே தேடலோடு கடை இருக்கும் தெருவைப் பெரிதாக்கினால் திடீரென்று முளைக்கிறது. இது வடிகட்டி. ஒரே கட்டடத்திலோ மிக அருகிலோ ஒரே வகைக் கடைகள் பல இருந்தால், எல்லாவற்றையும் காட்டாமல் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கூகுள் மறைக்கிறது. 2016 செப்டம்பர் முதல் இது கண்கூடாகத் தெரிகிறது. கடை நீக்கப்பட்டுவிட்டதாகப் பயந்து புதிய ப்ரொஃபைல் தொடங்குபவர்கள் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறார்கள். சோதிக்கும்போது மேப்ஸ் முகவரிப் பட்டையில் இரண்டு எண்களுக்குப் பின் 15 இசட் போல ஒன்று இருப்பதைக் கவனியுங்கள், அதுதான் பெரிதாக்கிய அளவு. 14இல் இல்லாமல் 17இல் தெரிந்தால் வடிகட்டி என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு இன்னும் நெருக்கமான முதன்மை வகைக்கு மாறுவது பல நேரம் உதவும்.

கடையின் பெயரை முழுசாகப் போட்டும், கணக்கு இல்லாத ஜன்னலில் எதுவும் வரவில்லையா? அப்போது ப்ரொஃபைல் முடக்கப்பட்டிருக்கலாம், அல்லது வேறொரு பதிவு உங்கள் இடத்தைப் பிடித்திருக்கலாம். இரண்டாவது, உங்கள் கதையோடு பொருந்துகிறது.

இடம் மாறிய கடையின் பழைய நிழல்

மேப்ஸில் பழைய போன் நம்பரைத் தேடுங்கள். இடைவெளி விட்டு, விடாமல், நாட்டுக் குறியீட்டோடு என்று மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். பிறகு பழைய முகவரி. பிறகு கடைப் பெயரை மக்கள் எழுதக்கூடிய வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் ஒவ்வொன்றாக. பழைய தெருவில் உங்கள் பெயரில் இன்னொரு பதிவு கிடைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். இடம் மாறும்போது பலர் இருக்கும் ப்ரொஃபைலில் முகவரியைத் திருத்தாமல் புதிதாக ஒன்று தொடங்கிவிடுகிறார்கள். பழைய ரிவியூக்கள் பழையதிலேயே தங்கிவிடும், புதியது வெறும் கையோடு ஆரம்பிக்கும். ஒரே கடைக்கு இரண்டு பதிவு, இரண்டு நம்பர், இரண்டு முகவரி. எதை நம்புவது என்று கூகுளுக்கே குழப்பம். வாடிக்கையாளர் பழைய பதிவைப் பார்த்துப் பழைய நம்பருக்கு அடிக்கிறார். அந்த நம்பருக்கு இப்போது அழைத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் எடுத்து "ராங் நம்பர்" என்று சொன்னால், உங்களைத் தேடியவர்கள் எங்கே போனார்கள் என்று புரிந்துவிடும்.

சரிசெய்யும் வழி, பழைய பதிவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்களுடைய வேறொரு மெயில் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ரிவியூ அதிகம் உள்ளது பழையது என்றால், அதையே வைத்துக்கொண்டு முகவரி, நம்பர் இரண்டையும் திருத்தி, புதியதைக் கழிப்பது நல்லது. இரண்டிலும் ரிவியூ இருந்தால் கூகுள் உதவிப் பிரிவுக்கு எழுதி, இரண்டும் ஒரே கடை என்று காட்டி இணைத்துத் தரக் கேட்கலாம். கவனம்: உங்கள் கணக்கிலிருந்து ஒரு ப்ரொஃபைலை நீக்குவதால் அது வரைபடத்திலிருந்து போய்விடாது. அதை நிர்வகிக்க ஆள் இல்லாமல் போகும், அவ்வளவுதான். அனாதையாக அங்கேயே நிற்கும். இன்னொரு விபத்தும் நடக்கிறது. இரண்டில் எது எது என்று பார்க்காமல், ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொஃபைலையே நிரந்தரமாக மூடியதாகக் குறித்துவிடுவது. எதையும் தொடும் முன் இரண்டின் முகவரி, நம்பர், ரிவியூ எண்ணிக்கையையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பதிவு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தால், மேப்ஸில் அதைத் திறந்து 'சஜஸ்ட் அன் எடிட்' வழியாக இரட்டைப் பதிவு என்றோ அந்த இடத்தில் கடை இல்லை என்றோ தெரிவிக்கலாம். வேறு யாராவது கையில் இருந்தால் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். முகவரி மாற்றத்துக்குப் பின் கூகுள் மறுபடியும் சரிபார்ப்பு கேட்கலாம், இப்போது அது பெரும்பாலும் வீடியோதான். தெருவும் பக்கத்துக் கட்டடமும் தெரிய ஆரம்பித்து, பெயர்ப் பலகையைக் காட்டி, நீங்களே ஷட்டரைத் திறந்து உள்ளே போய்ப் பட்டறைக் கருவிகள் வரை, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். வெட்டி ஒட்டிய வீடியோ நிராகரிக்கப்படும். பெயர்ப் பலகையில் இருக்கும் பெயரும் ப்ரொஃபைலில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பலகையில் இல்லாத "நம்பர் 1 வாஷிங் மெஷின் ரிப்பேர்" போன்ற ஒட்டுகளைப் பெயரில் சேர்ப்பது விதிமீறல். சில மாதம் பலன் தருவது போலத் தெரியும், பிறகு ப்ரொஃபைலே முடங்கக்கூடும். அதிலிருந்து மீள்வது பெரும்பாடு.

அடுத்து, பழைய நம்பர் வேறு எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்: வலைத்தளத்தின் அடிப்பகுதி, ஃபேஸ்புக் பக்கம், தொழில் விவரப் பட்டியல் தளங்கள், பிங், ஆப்பிள் மேப்ஸ். ஐபோனில் சிரியிடம் கேட்பவருக்குப் பதில் ஆப்பிள் மேப்ஸிலிருந்துதான் போகிறது. கடைக்காரரே அங்கே தன் விவரத்தைத் திருத்திக்கொள்ளலாம். இங்கெல்லாம் பழைய விவரம் நீடிக்கும்வரை, நீங்கள் கூகுளில் திருத்தியதும் பழையபடிக்குத் திரும்பக்கூடும். கூகுள் வெளியிலிருந்து கிடைக்கும் தகவலை வைத்துத் தானாகவும் திருத்துகிறது, பொதுமக்கள் சொல்லும் திருத்தத்தையும் ஏற்கிறது. மாதம் ஒருமுறை ப்ரொஃபைலைத் திறந்து, நீங்கள் போட்டது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் மாற்றியவை வேறு நிறத்தில் தெரியும்.

ஒரு பழைய ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். ப்ரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த ஒற்றைப் பக்க வலைத்தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. நீங்கள் அப்படி ஒன்றை வைத்திருந்து அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலோ ஃபேஸ்புக்கிலோ போட்டிருந்தால், இப்போது அது எங்கும் போகாது.

கூகுளே தரும் கணக்கு

ப்ரொஃபைலில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் அழைப்புப் பொத்தானைத் தட்டினார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று வரும். அழைப்பு எண்ணிக்கை பொத்தானைத் தட்டியவர்களை மட்டும் கணக்கிடுகிறது. நம்பரைப் பார்த்துத் தனியாக அடித்தவர் அதில் வரமாட்டார். எனக்கு இந்தப் பகுதியில் மிகப் பிடித்தது, எந்த வார்த்தைக்குக் கடை காட்டப்பட்டது என்ற பட்டியல். சிறிய எண்ணிக்கைகள் 15க்குக் குறைவு என்று மட்டும் வரும். அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: உங்கள் கடைப் பெயர் உள்ளவை ஒரு பக்கம், வேலையின் பெயர் மட்டும் உள்ளவை மறுபக்கம். ஏறக்குறைய எல்லாமே முதல் பக்கத்தில் விழுந்தால், உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள் நம்பரும் வழியும் பார்க்கத்தான் கூகுளைப் பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். நீங்கள் கேட்ட "கண்ணில் படவே இல்லை" என்ற புகாரின் எண் வடிவம் அதுதான். இடமாற்றச் சிக்கலைத் தீர்த்து 2, 3 மாதம் கழித்து இரண்டாவது பக்கம் வளர்கிறதா என்று பாருங்கள்.

சொந்த வலைத்தளம் இருந்தால், அது கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலும் உதவும், அது 16 மாதத் தரவு வைத்திருக்கும். தளத்தில் எல்லா வேலையையும் ஒரே பக்கத்தில் அடைக்காமல் வாஷிங் மெஷினுக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று என்று தனிப் பக்கம் வையுங்கள். எந்தெந்தப் பழுதைப் பார்க்கிறீர்கள், எங்கெல்லாம் வருவீர்கள் என்பதை எழுத்தாக எழுதுங்கள். படத்துக்குள் எழுதிய போன் நம்பரைத் தொட்டு அழைக்க முடியாது.

ரிவியூவைப் பற்றி ஒன்றே ஒன்று. வேலை முடித்த எல்லோரிடமும் கேளுங்கள். திருப்தியாக இருப்பவரை மட்டும் பொறுக்கிக் கேட்பதையும், தள்ளுபடி தருகிறேன் என்று கேட்பதையும் கூகுளின் விதி தடைசெய்கிறது. ஒரே வாரத்தில் 40 வந்து பிறகு ஒரு வருடம் எதுவும் வராமல் இருப்பதைவிட, வாரம் 2 வருவது நல்லது.

பணம் கேட்பவர்

இந்த வரிசையில் முன்னால் வர கூகுளிடம் பணம் கட்டவோ கோரிக்கை வைக்கவோ வழி இல்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பணம் கொடுத்து வாங்கக்கூடியது விளம்பரம் மட்டும், அதில் 'ஸ்பான்சர்ட்' என்று இருக்கும். ஆகவே முதலிடம் உறுதி என்பவர் எதை உறுதி தருகிறார் என்று கேளுங்கள். எந்த வார்த்தைக்கு? எந்தப் புள்ளியில் நின்று தேடினால்? இன்று அங்கே என்ன நிலை? உங்கள் 45 கட்டத் தாளை வைத்துக்கொண்டு பேசினால், அவர் வேலை தெரிந்தவரா என்பது 10 நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைப் பெயரைத் தேடிக் காட்டி "பார்த்தீர்களா, முதலிடம்" என்று சொல்லும் வித்தை இங்கே சகஜம். நல்ல ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் வகை, இரட்டைப் பதிவு, ரிவியூ, வலைத்தளம் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள், உறுதிமொழி தரமாட்டார்கள்.

யாரை வைத்துக்கொண்டாலும் ப்ரொஃபைலின் முதன்மை உரிமையாளர் உங்கள் மெயில் கணக்காகவே இருக்கட்டும். அவருக்கு மேனேஜர் அனுமதி போதும். முதன்மை உரிமையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு, சந்தாவை நிறுத்திய நாளில் கடையின் பெயர், நம்பர், ரிவியூ எல்லாம் அடுத்தவர் கையில் சிக்கித் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். இப்போதே ப்ரொஃபைல் அமைப்புகளில் 'பீப்பிள் அண்ட் ஆக்சஸ்' பகுதியைத் திறந்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத மெயில் இருந்தால் நீக்குங்கள். பழைய பதிவில் உங்கள் பெயரே இல்லையென்றால், மேப்ஸில் அந்தப் பதிவைத் திறந்து உரிமை கேட்டு அனுப்புங்கள். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டால் நீங்களே சரிபார்ப்புக்குப் போகும் வாய்ப்பு திறக்கலாம். அந்த வீடியோவைப் பகல் வெளிச்சத்தில், பலகை நன்றாகத் தெரியும்படி எடுங்கள்.